சான்றிதழ் இருக்கட்டும், செய்துகாட்டச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில், மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் மருந்து ஆய்வில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவரின் ஜிசிபி (இத்தகைய ஆய்வை முறையாக நடத்துவதற்கான நெறிமுறைகள்) பயிற்சிச் சான்றிதழைப் பார்த்ததுமே வேலையை ஒப்படைத்துவிடாதீர்கள்.

முதலில், ஆய்வில் சேர நோயாளியிடம் வாங்கும் ஒப்புதல். சக ஊழியர் ஒருவரை, முக்கூடலிலிருந்து வந்த, எழுத்து வாசனை இல்லாத, பீடி சுற்றும் ஆச்சியாக நடிக்க வையுங்கள். புதியவர் தகவல் தாளை மளமளவென்று வாசித்தால் நிறுத்துங்கள். "ஆச்சி, இதுல சேரலைன்னாலும் வழக்கமான வைத்தியம் உண்டு" என்று பேச வேண்டும். முடிவில், "நான் சொன்னதுல என்ன வெளங்கிச்சு, சொல்லுங்க" என்று கேட்டாரா? ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தாரா? எங்கள் பையன் ஒருவன் கைநாட்டு வாங்கிய பிறகு சாட்சியைத் தேடி ஓடினான். நல்லவேளை, ஒத்திகைதான்.

அப்புறம் பதிவேடு. தப்பான ரத்த அழுத்த அளவை ஒற்றைக் கோட்டால் அடித்து, பழையது தெரியும்படி விட்டு, சரியானதை எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். ஒயிட்னரை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

கடுமையான பாதிப்பு நேர்ந்தால், இந்தியாவின் 2019 புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் "நம்ம நோயாளி அட்மிட் ஆயிட்டாரு" என்று போன் போட்டுப் பாருங்கள். "திங்கள்கிழமை பார்க்கலாம்" என்றால் இன்னும் தேறவில்லை.

மூன்றும் சரியாக வந்த பிறகுதான் யாருக்கு எந்த வேலை என்று காட்டும் பணி ஒப்படைப்புப் பட்டியலில் பெயரை எழுதி மருத்துவரிடம் கையெழுத்துக்கு நீட்டுவேன்.