வயலுக்கு அடியில் போகும் எரிவாயு: படிப்படியாகப் புரிந்துகொள்வோம்

நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு ஓஎன்ஜிசி கிணறுகள் புதிதல்ல. வரப்போரம் நிற்கும் எச்சரிக்கைப் பலகையும் கண்ணுக்குப் பழகியதுதான். அந்தப் பலகைக்கு அடியில் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். டெல்டாவில் குழாய்க்கு முதல் எதிரி தண்ணீர். அதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

படி 1: தண்ணீரைப் பிரிப்பது

கிணற்றிலிருந்து வரும் எரிவாயுவில் தண்ணீர், மணல், லேசான எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். சேகரிப்பு நிலையத்துத் தொட்டியில் திரவம் அடியில் தங்கிவிடும், வாயு மேலே பிரிந்துவிடும். மிச்சமிருக்கும் ஈரத்தைக் கிளைக்கால் என்ற திரவம் உறிஞ்சிக்கொள்ளும். இதில் அசட்டை கூடாது. வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலமாகி இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்குப் பின்னால் இந்த அரிப்புதான் இருந்தது.

படி 2: அழுத்தம் ஏற்றுவது

அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வாயு தானாக ஓடும். கிணற்றின் சொந்த அழுத்தம் போதாவிட்டால் கம்ப்ரசர் வைப்பார்கள். பைக் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். நெடுந்தூரக் குழாய்களில் 90 பார் வரைகூடப் போகும். அவ்வளவு நெருக்கி அனுப்பினால்தான் சின்னக் குழாயில் நிறைய வாயு போகும்.

படி 3: குழாய் பதிப்பது

வெல்டிங் செய்த மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மேலே பாலித்தீன் பூச்சு கொடுத்து, ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் புதைப்பார்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிச் சோதிப்பார்கள்.

நம் மண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. 12 அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 82 கிலோ தண்ணீரை இடம்பெயர்க்கும். 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்பின் எடையோ 55 கிலோதான். சம்பா வயல் ஊறிக் கிடக்கும்போது அது மிதக்கப் பார்க்கும். அதனால் கான்கிரீட் பூசியோ எடை வைத்தோ அமிழ்த்துகிறார்கள். ஆறு குறுக்கிட்டால் படுகைக்கு அடியில் துளை போட்டுக் குழாயை மறுகரைக்கு இழுத்துவிடுவதும் உண்டு.

வெளித்துருவும் இருக்கிறதே! ஈரக் களிமண், அதிலும் நாகைப் பக்கத்து உப்பு மண், துருவை வேகமாக்கும். பூச்சு உரிந்த இடத்தைக் காக்கக் குழாய்க்கு மெல்லிய மின்னோட்டம் கொடுப்பார்கள். அது போதுமா என்று பார்க்கக் குழாயின் மின்னழுத்தத்தை அளப்பார்கள்; அளவுகோல் பொதுவாக மைனஸ் 0.85 வோல்ட். சில இடங்களில் நிற்கும் சின்னப் பெட்டிக் கம்பம் அதை அளக்கத்தான்.

படி 4: காவல்

'பிக்' என்ற உருளையை வாயுவே உள்ளே தள்ளிக்கொண்டு போகும். அது தேங்கிய நீரை வழித்தெடுக்கும், கருவி பொருத்தியிருந்தால் சுவரின் தடிமனையும் அளக்கும். கசிவு வந்தால் அந்தத் துண்டை மட்டும் அடைக்க இடையிடையே வால்வுகள் இருக்கும்.

படி 5: இறக்குவது

மின் நிலையமோ ஆலையோ வந்ததும் அழுத்தத்தைக் குறைப்பார்கள். ஒரு பார் குறைந்தால் வாயு சுமார் அரை டிகிரி குளிரும் என்பதால் தேவைப்பட்டால் முன்பே சூடாக்குவார்கள். வீட்டு அடுப்புக்கு வரும்போது 21 மில்லிபார்தான்.

உங்கள் நிலத்தில் குழாய் போனால்

1962ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி, குழாய் போகும் பட்டையில் பயிர் வைக்கலாம். கட்டடம், கிணறு, குளம், மரம் கூடாது. தென்னங்கன்றும் இதில் அடக்கம். ஜேசிபி கூப்பிடும் முன் பலகையில் உள்ள எண்ணுக்குப் பேசிவிடுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க நாற்றத்தை நம்பாதீர்கள். எரிவாயுவுக்கு நாற்றம் தரும் மெர்காப்டன் என்ற பொருளைப் பெரும்பாலும் ஊருக்குள் விநியோகிக்கும்போதுதான் சேர்ப்பார்கள். தேங்கிய நீரில் விடாமல் குமிழி, சீறும் சத்தம், ஓரிடத்தில் மட்டும் கருகிய பயிர், இவற்றில் எதைக் கண்டாலும் அங்கே பைக்கை ஸ்டார்ட் செய்யாமல், போனை எடுக்காமல், காற்று வீசிவரும் திசைப் பக்கமாக நடந்து விலகுங்கள். நன்றாகத் தள்ளிப் போன பிறகு அழையுங்கள்.