வீட்டுக் கடன்: சொந்தப் பங்கையும் கடன் வரம்பையும் நாமே கணக்கிடும் முறை

வீடு பார்க்கப் புறப்படுவதற்கு முன்பே இரண்டு தொகைகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கையிலிருந்து எவ்வளவு போட முடியும் என்பது. மற்றொன்று, வங்கி எவ்வளவு கடன் தரும் என்பது. பலர் வீடு பிடித்துப்போய் அட்வான்சும் கொடுத்துவிட்ட பிறகுதான் வங்கியின் வாசலை மிதிக்கிறார்கள். இந்த இரண்டு கணக்கையும் முதலில் போட்டுவிட்டால், பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை எழவே எழா.

படி 1: சொந்தப் பங்கைக் கணக்கிடுங்கள்

வீட்டின் முழு மதிப்புக்கும் வங்கி பொதுவாகக் கடன் தருவதில்லை. கடன் திரும்பி வராமல் போய் வீட்டை விற்க நேர்ந்தால், விலை சற்று இறங்கியிருந்தாலும் தன் பணம் தேற வேண்டும் என்பதற்காக, மதிப்பில் ஒரு பகுதியை நம் பொறுப்பில் விட்டுவிடுகிறது. இந்தியாவில் கடன் தொகை கூடக்கூட, வீட்டு மதிப்பில் வங்கி தரக்கூடிய உச்சவரம்பு 90, 80, 75 விழுக்காடு என்று குறைந்துகொண்டே வரும். மீதியே நம் சொந்தப் பங்கு. விற்பவருக்குக் கொடுக்கும் அட்வான்சும் இந்தப் பங்குக்குள்தான் அடங்கும்.

புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் தடுமாறுவது மதிப்பீட்டில்தான். நாம் பேசி முடித்த விலையையும் வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதித் தரும் மதிப்பையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதற்கே வங்கி கடன் தரும். விலை 100 பங்கு, மதிப்பீடு 92 பங்கு, உச்சவரம்பு 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் கடன் 73.6 பங்குதான். 20 பங்கோடு வந்தவர் 26.4 பங்கு போட வேண்டியதாகிவிடும். அந்த 6.4 பங்கை அவசர அவசரமாகத் தனிநபர் கடனாக வாங்கினால், அதன் தவணை வீட்டுக் கடனின் வரம்பையே குறைத்துவிடும்.

பத்திரப் பதிவு, முத்திரைத் தீர்வை, வழக்கறிஞர் கட்டணம், வங்கியின் செயலாக்கக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் கடனில் அடங்குவதில்லை. இவற்றுக்கான பணத்தையும், ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தையும் சேமிப்பிலிருந்து முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதை மட்டுமே சொந்தப் பங்காக எழுதுங்கள்.

படி 2: கடன் வரம்பைக் கணக்கிடுங்கள்

விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் கடன் பொதுவாக ஆண்டு வருமானத்தின் நாலரை மடங்கை ஒட்டி நிற்கும். சிங்கப்பூரில் எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எங்கே வாங்கினாலும் வருமானம், இருக்கும் கடன்கள், வட்டி, காலம் ஆகிய நான்கும்தான் வரம்பை முடிவு செய்கின்றன.

எந்த நாணயத்துக்கும் பொருந்தும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாத வருமானம் 1,00,000. அதில் 45 விழுக்காடு வரை தவணைக்குப் போகலாம் என்று வங்கி சொன்னால், 45,000. ஏற்கெனவே வாகனக் கடனுக்கு 12,000 கட்டுவதால் மிஞ்சுவது 33,000. வட்டி 8 விழுக்காடு, காலம் 20 ஆண்டு என்றால், ஒவ்வொரு லட்சம் கடனுக்கும் மாதத் தவணை சுமார் 836. 33,000-ஐ 836-ஆல் வகுத்தால், ஏறக்குறைய 39.5 லட்சம் கடன் கிடைக்கும். வாகனக் கடன் இல்லாதிருந்தால் இதுவே 53.8 லட்சமாகியிருக்கும். ஒரு வாகனத்தின் தவணை பதினான்கு லட்சத்துக்கும் மேலான கடன் தகுதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே, சிறு கடன்களை அடைத்துவிட்டு விண்ணப்பிப்பதையே நான் வலியுறுத்துவேன்.

காலத்தை 30 ஆண்டாக நீட்டினால் லட்சத்துக்கான தவணை 734-ஆகக் குறையும், வரம்பும் உயரும். ஆனால் ஒரு லட்சத்துக்கு 20 ஆண்டில் கட்டும் வட்டி சுமார் 1,00,000. 30 ஆண்டிலோ சுமார் 1,64,000.

படி 3: வட்டியை ஏற்றிப் பாருங்கள்

மாறும் வட்டியில் கடன் வாங்குவோர் இந்தக் கணக்கைப் போடாமல் கையெழுத்திடவே கூடாது. அதே 20 ஆண்டுக் கடனுக்கு வட்டி 10 விழுக்காடானால் லட்சத்துக்குத் தவணை 965. 39.5 லட்சத்துக்கு மாதம் 33,000 கட்டியவர் 38,000-க்கும் மேல் கட்ட வேண்டும். அல்லது கடன் காலம் நீளும். அந்தக் கூடுதல் ஐயாயிரம் எந்தச் செலவிலிருந்து வரும் என்று இப்போதே எழுத முடியாவிட்டால், வங்கி தருவதாகச் சொன்னாலும் அவ்வளவு வாங்காதீர்கள். பிள்ளைகளின் படிப்போ, பெற்றோரின் மருத்துவச் செலவோ வங்கியின் கணக்கில் முழுமையாக வருவதில்லை. அவற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டியவர்கள் நாம்தான்.

படி 4: மூன்று மாதம் ஒத்திகை பாருங்கள்

வரப்போகும் தவணையிலிருந்து இப்போது கொடுக்கும் வாடகையைக் கழித்து, மீதியைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மூன்று மாதமும் அதைத் தொடாமல் குடும்பம் ஓடினால் தவணை தாங்கும். சேர்ந்த பணம் சொந்தப் பங்கோடு சேரும்.

படி 5: முன் ஒப்புதல் வாங்கிவிட்டு வீடு பாருங்கள்

சம்பளச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, வரித் தாக்கல் நகல்கள் ஆகியவற்றைக் கொடுத்தால், எவ்வளவு கடன் கிடைக்கலாம் என்பதை வங்கி எழுத்தில் தரும். அது குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். வீட்டின் ஆவணங்களும் மதிப்பீடும் சரியாக இருந்தால்தான் உறுதியான கடனாக மாறும். எனவே அட்வான்ஸ் கொடுக்கும்போது, கடன் கிடைக்காமல் போனாலோ மதிப்பீடு குறைந்து வந்தாலோ அந்தப் பணம் எத்தனை நாளுக்குள் திரும்பி வரும் என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.