கடற்காற்றில் நிற்கும் நீராவி எஞ்சின்: பற்றவைப்பதும் அணைப்பதும் பேணுவதும்

பழைய நீராவி எஞ்சினைப் பேணுவது குறித்துக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அது ஓடும் நாளைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் எஞ்சினைத் தின்னும் அரிப்பில் பெரும்பகுதி, நெருப்பு அணைந்து, வேடிக்கை பார்த்த கூட்டம் கலைந்து, அது தனியே நிற்கும் நாட்களில்தான் நடக்கிறது. காசிமேட்டுப் பக்கமிருந்து உப்பை ஏந்தி வரும் காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையும், உவர்ப்பேறிய நிலத்தடி நீரும் ஒன்றுசேர்ந்த வடசென்னையில் இந்த உண்மை இன்னும் கடுமையாக உறைக்கும். ஆகவே இக்குறிப்பில் எஞ்சினை ஓட்டுவதைச் சுருக்கமாகவும், பற்றவைப்பதையும் அணைப்பதையும் நிறுத்தி வைப்பதையும் சற்று விரிவாகவும் சொல்கிறேன்.

இவ்வூருக்கு இந்த வேலை புதிதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் செய்யப்பட்ட ஃபேரி குயின், எக்ஸ்பிரஸ் என்ற இரண்டு எஞ்சின்களுமே நெடுங்காலம் காட்சிப் பொருளாக நின்ற பிறகு பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில்தான் மீண்டும் உயிர் பெற்றன. முதலாவது 1997-இலும், இரண்டாவது 2010-இலும் ஓடத் தொடங்கின. பிராட்கேஜ் எனப்படும் அகலப் பாதையில் நீராவியின் அன்றாட ஓட்டம் 1995-இல் நின்றுபோன பிறகு நடந்த வேலைகள் இவை என்பதால், பழைய கைகள் இருக்கும்போதே அவற்றின் அறிவைக் கேட்டு வாங்கிக்கொண்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இவையே சான்று.

பற்றவைக்கும் முன்

பாய்லருக்கு உரிய பரிசோதகரின் சான்றும், தேர்ச்சி பெற்ற டிரைவரும் ஃபயர்மேனும் இல்லாமல் எவரும் தீக்குச்சியைத் தொடக்கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. அகலப் பாதையில் பயணிகள் ரயில்களை இழுத்த டபிள்யூ.பி. வகை எஞ்சினின் பாய்லர் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்தது. அந்த அளவில் தகடு கிழிந்தால், உள்ளே கொதிநிலைக்கு மேல் சூடேறி நிற்கும் தண்ணீரில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகும். பாய்லர் விபத்தின் கொடுமைக்குக் காரணம் அதுவே.

நெடுநாள் நின்ற பாய்லரை முதலில் குளிர்ந்த நிலையில் உள்ளே புகுந்து பார்க்க வேண்டும். நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் மேல்தகடு தொய்ந்திருக்கிறதா, சுடுபுகை செல்லும் டியூப்களின் முனைகளைச் சுற்றி வெண்மையான உப்புத் தடம் தெரிகிறதா, உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிணைக்கும் ஸ்டே கம்பிகளில் எதுவும் ஒடிந்திருக்கிறதா என்பவை முதற்கேள்விகள். தகட்டின் கனத்தை அல்ட்ராசானிக் கருவி சொல்லிவிடும். ஒடிந்த ஸ்டேயை மட்டும் இன்றும் சிறு சுத்தியலின் ஓசையைக் கொண்டே பலர் கண்டுபிடிக்கிறார்கள்: முழுமையாக இருப்பது கணீரென்று ஒலிக்கும், ஒடிந்தது மட்டமாக ஒலிக்கும். இந்த ஓசையை எழுத்தில் கற்பிக்க இயலாது. உங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற பாய்லர் மேக்கர் ஒருவர் இருந்தால், அவர் தட்டும்போது ஒலியைப் பதிவு செய்து, எந்த ஸ்டே எப்படி ஒலித்தது என்று எண்ணிட்டு வையுங்கள். நூறு புகைப்படங்களைவிட அது உதவும்.

பிறகு பாய்லரைத் தண்ணீரால் முழுவதும் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் சோதிப்பார்கள். காற்றைப் பயன்படுத்தாமல் தண்ணீரைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் அநேகமாக அமுங்குவதில்லை. எங்காவது விரிசல் விட்டால் ஒழுகி அழுத்தம் இறங்கிவிடுமே தவிர வெடிக்காது.

தண்ணீர்

நிலக்கரியைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் இங்கே அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது வடசென்னைக்காரர்கள் அனைவரும் அறிந்த கதை. ராயபுரம், தண்டையார்பேட்டைப் போர்வெல் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. குழாயிலோ லாரியிலோ வந்தது எதுவாயினும் சோதித்துப் பார்த்த பிறகே, எஞ்சினோடு இணைந்து தண்ணீரும் கரியும் சுமக்கும் வண்டியான டெண்டரில் ஏற்ற வேண்டும்.

பாய்லரிலிருந்து வெளியேறுவது ஆவி மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் கொண்ட தண்ணீரில் 10,000 லிட்டரை ஆவியாக்கினால் 5 கிலோ உப்பும் சுண்ணாம்பும் பாய்லருக்குள் மிஞ்சும். இதில் ஒரு பகுதி டியூப்களின் மேல் படிந்து வெப்பத்தைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட இடத்தில் உலோகம் அளவுக்கு மேல் காய்கிறது. கரைந்தே நிற்கும் பகுதி நுரையைக் கிளப்பி, தண்ணீரை ஆவியோடு சேர்த்துச் சிலிண்டருக்குள் இழுத்துச் செல்கிறது. குளோரைடோ தகட்டில் ஊசி குத்தியதுபோல் குழி குழியாக அரிக்கிறது. இதற்காகவே புளோடவுன் வால்வை உரிய இடைவெளியில் திறந்து அடிச்சேற்றையும் அடர்ந்த தண்ணீரையும் வெளியேற்ற வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீர் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று சிலர் எண்ணுவதுண்டு. உப்பு நீங்கிய தண்ணீர் காரத்தன்மை இல்லாமலும், கரைந்த ஆக்சிஜனோடும் பாய்லருக்குள் சென்றால் இரும்பை நன்றாகவே அரிக்கும். ஆகவே காரமூட்டும் மருந்தையும் ஆக்சிஜனை நீக்கும் மருந்தையும் அளந்து சேர்த்து, பாய்லர் தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 11-ஐ ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். மருந்தின் அளவைத் தண்ணீர்ச் சோதனையின் முடிவே தீர்மானிக்க வேண்டும். கைக்குத் தோன்றிய அளவில் போடக்கூடாது.

பற்றவைத்தல்

முதலில் சிலிண்டருக்கு ஆவி விடும் ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும்; முன்னே ஓடுவதா பின்னே ஓடுவதா என்பதைத் தீர்மானிக்கும் ரிவர்சர் நடுவில் இருக்க வேண்டும்; சிலிண்டர் வடிகால்கள் திறந்திருக்க வேண்டும்; கைபிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கிளாஸில் பாதிக்கு மேல் தண்ணீர் தெரிந்தால் மட்டும் போதாது. அதன் குழாய்களைத் திறந்து மூடி, தண்ணீர் வடிந்து மீண்டும் தானாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அடைபட்ட கிளாஸ் பொய் சொல்லும். புகைபோக்கியின் மூடியை எடுத்தாயிற்றா என்பதையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், மறந்தவர்கள் இருக்கிறார்கள்.

மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு வேஸ்ட், அதன்மேல் சுள்ளி, பிறகு காய்ந்த சவுக்கு விறகு என்ற வரிசையில் தொடங்கி, விறகு நன்றாகப் பிடித்த பின்னரே கரியைப் போட வேண்டும். குளிர்ந்த பாய்லரில் மேலே உள்ள தண்ணீர் சுடும்போதும் அடியில் உள்ளது நெடுநேரம் குளிர்ந்தே கிடக்கும். நெருப்புப் பட்ட உள்தகடு வேகமாக விரிய, வெளித்தகடு அசையாமல் நிற்க, இரண்டுக்கும் நடுவே இழுபடுவது ஸ்டே கம்பிகளே. ஆகவே பெரிய எஞ்சினென்றால் முதல் நாள் மாலையில் சிறு நெருப்பு வைத்து இரவெல்லாம் வெதுவெதுப்பாக வைத்திருந்து, மறுநாள் காலையில் அழுத்தத்தை ஏற்றுவதே முறை. விருந்தினர் 10 மணிக்கு வருகிறார் என்பதற்காக 6 மணிக்குப் பற்றவைத்து ஊதித் தள்ளுவது, அந்த ஒரு நாளுக்காக எஞ்சினின் சில ஆண்டுகளைச் செலவழிப்பதாகும்.

நம் நாட்டுக் கரியில் சாம்பல் மிகுதி. மொத்தமாக அள்ளிக் கொட்டினால் தீத்தட்டு அடைத்துக்கொண்டு காற்றேறாமல் கட்டி தட்டும். கதவுக்கு அருகிலும் மூலைகளிலும் சற்றுக் கனமாகவும், முன்பக்கம் மெல்லியதாகவும், சிறிது சிறிதாக அடிக்கடி போட வேண்டும். கரும்புகை குபுகுபுவென்று கிளம்பினால் வேடிக்கை பார்ப்போர் கை தட்டுவார்கள். ஆனால் அது எரியாமல் வீணாகும் கரி. மெல்லிய சாம்பல் நிறப் புகையே நல்ல நெருப்பின் அடையாளம்.

அழுத்தம் ஏறியதும், நகரும் முன்பே, இரண்டு இன்ஜெக்டர்களையும் இயக்கிப் பார்த்துவிட வேண்டும். ஆவியின் வேகத்தைக் கொண்டே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் இந்தக் கருவியை 1858-இல் ஹென்றி கிஃபார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கினார். குளிர்ந்த தண்ணீரில் ஆவி ஒடுங்கினால்தான் இது வேலை செய்யும். கத்திரி வெயிலில் டெண்டர் காய்ந்து தண்ணீர் சுட்டுவிட்டால் இன்ஜெக்டர் பிடிக்காமல் துப்பும். அப்படிப்பட்ட நாட்களில் டெண்டரை நிழலில் நிறுத்தி, கடைசி நேரத்தில் புதுத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஓடும்போது

விசில் கொடுத்து, சிலிண்டர் வடிகால்களைத் திறந்தபடியே ரெகுலேட்டரைச் சிறிதளவு திறக்க வேண்டும். சிலிண்டரில் தங்கிய தண்ணீர் வடியாமல் பிஸ்டன் நகர்ந்தால், அமுங்காத அந்தத் தண்ணீர் சிலிண்டர் மூடியையே உடைத்துவிடும். நகரத் தொடங்கியதும் ரிவர்சரைப் படிப்படியாக நடுவை நோக்கிக் கொண்டுவந்தால், உள்ளே புகுந்த ஆவி தானே விரிந்து வேலை செய்யும். கரியும் தண்ணீரும் மிச்சமாகும். நிற்குமிடந்தோறும், சக்கர அச்சைத் தாங்கும் ஆக்ஸில் பாக்ஸ் சூடேறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர் மட்டத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபயர்பாக்ஸின் மேல்தகடு தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரைதான் நெருப்பைத் தாங்கும். வெளிப்பட்டால் இளகித் தொய்யும். அதற்கான கடைசி எச்சரிக்கையாகவே மேல்தகட்டில் ஈயம் அடைத்த பிளக் பொருத்தப்பட்டிருக்கிறது; ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகி ஆவியை நெருப்பின் மேல் பாய்ச்சும். கிளாஸில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போய், மட்டம் எங்கே நிற்கிறது என்று உறுதியாகத் தெரியாத நிலையில், பதறிப்போய் இன்ஜெக்டரைத் திறக்கக்கூடாது. காய்ந்த தகட்டின் மேல் தண்ணீர் ஏறுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். நெருப்பை இறக்கி அணைத்துவிட்டு, பாய்லர் தானே ஆறும்வரை ஒதுங்கி நிற்பதே வழி.

அணைத்து நிறுத்துதல்

ஓட்டம் முடிந்ததும் நெருப்பைத் தானே தணிய விட்டு, தண்ணீரை மேல்மட்டம் வரை ஏற்றி, நெருப்புக்குக் காற்று விடும் டேம்பரை மூடி, நெருப்பு முழுவதும் ஒழிந்த பிறகு புகைபோக்கிக்கும் மூடி போட வேண்டும். இல்லையென்றால் இரவு முழுவதும் குளிர்ந்த காற்று டியூப் வழியே இழுபட்டு அவற்றின் முனைகளைத் தளர்த்தும். சூடான பாய்லரை அவசரமாக வடிக்கக்கூடாது. மறுநாளோ அதற்கும் மறுநாளோ, கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு வடித்து, கழுவும் துளைகளை அடைத்திருக்கும் வாஷ்அவுட் பிளக்குகளைக் கழற்றி, நீர்ப்பீச்சும் கம்பியும் கொண்டு அடியில் தங்கிய சேற்றை ஒரு மூலை விடாமல் கழுவுங்கள்.

சாம்பலை அன்றோ மறுநாளோ முழுவதுமாக அள்ளிவிட வேண்டும். கரியில் உள்ள கந்தகம் சாம்பலில் எஞ்சி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. வடசென்னையில் ஒரு வளாகத்தில் நான் பார்த்த எஞ்சினுக்கு ஆண்டுதோறும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடியதால் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் புகைபோக்கிக்கு அடியிலுள்ள ஸ்மோக்பாக்ஸை மட்டும் எவரும் திறக்கவில்லை. திறந்தபோது பழைய சாம்பல் ஈரக் களிமண்ணாகக் கிடந்தது; அதன் கீழே தகடு விரலால் குத்தினால் ஓட்டை விழும் நிலைக்கு வந்திருந்தது. தார்ப்பாய் மழையைத் தடுத்தது உண்மைதான். ஆனால் அதற்குள் கோத்த ஈரம் வெளியேற வழியில்லை. கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுவதே நமது தட்பவெப்பத்துக்கு ஏற்றது.

சில மாதங்கள் நிறுத்துவதாக இருந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாய்லரை முழுவதும் வடித்து, மெல்லிய சூட்டால் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லைத் தட்டுகளில் வைத்து இறுக மூடலாம். அல்லது மருந்து சேர்த்த தண்ணீரால் காற்றிடமே இல்லாமல் நிரப்பி வைக்கலாம். பாதித் தண்ணீரோடு விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. மழைக்காலம் நெடியதாகவும், கவனிக்கும் ஆட்கள் குறைவாகவும் இருந்தால் உலர்முறையையே நான் பரிந்துரைப்பேன். சிலிகா ஜெல் நிறம் மாறியதா என்று பார்ப்பது யாருக்கும் கைவரும்.

பாய்லருக்கும் வெளிப்போர்வைத் தகட்டுக்கும் இடையே உள்ள வெப்பக்காப்புப் பஞ்சு பழைய எஞ்சின்களில் கல்நாராக இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பது. தகுதி பெற்றவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும். கடற்காற்றின் உப்பை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, பளபளக்கும் ராடுகளுக்குக் கிரீஸ் தடவி வையுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம், பலனும் தரும். ஆனால் அந்தப் புளிப்பு பக்கத்து இரும்பில் இறங்காமல் உடனே கழுவிவிட வேண்டும். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இடுவோர் எண்ணெய்த் துளைகளை விட்டு இடும்படி முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நின்ற இடத்திலேயே நின்றால் பேரிங்கின் ஒரே பகுதி எடையைத் தாங்கி, அங்கிருந்த எண்ணெய் பிதுங்கி, துரு பிடிக்கும். மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டு, வேறொரு எஞ்சினைக் கொண்டோ கடப்பாரை கொண்டோ சக்கரம் கால் சுற்று சுற்றும் அளவுக்கு நகர்த்துங்கள். நகர்த்திய பிறகு தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் சக்கரத்தின் மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடும் தேதியும் போட்டு, அதே தேதியைப் பதிவேட்டிலும் எழுதி வைத்தால், அடுத்த மாதம் வருபவர் எவராக இருந்தாலும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.