பழைய புல்லட்டில் பாயிண்ட், டைமிங்: மலை ஏறும் முன் வீட்டிலேயே வைப்பது எப்படி?

பழைய 350 புல்லட்டை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்வந்தவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏத்தத்துல இழுக்கல, இன்ஜின் கொதிக்குது." மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால் போர் போடணும், பிஸ்டன் மாத்தணும் என்று பேச்சு தொடங்கிவிடும். அதற்கு முன் பாயிண்ட்டையும் (திறந்து மூடி, பிளக்கில் பொறி வரவைக்கும் இரண்டு தொடர்பு முனைகள்) டைமிங்கையும் (அந்தப் பொறி எந்த நேரத்தில் வர வேண்டும் என்ற கணக்கு) பாருங்கள். பத்துக்கு ஏழு வண்டியில் கோளாறு அங்கேதான் என்பது என் அனுபவம். டைமிங் தாமதமாக இருந்தால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். சூடு சைலன்சர் பக்கம் போகும், இழுவை குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி ஒரு வண்டியை ஏற்றிப் பார்த்தால் தெரியும்.

திருவொற்றியூர் ஆலையிலிருந்து 1956 முதல் வந்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட, பாயிண்ட் வைத்த 350 இன்ஜினுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. 500, பின்னால் வந்த ஏ.வி.எல். இன்ஜின், அதற்குப் பிந்தைய இன்ஜின் எதற்கும் கீழே உள்ள அளவுகளை வைக்காதீர்கள்.

என்னென்ன வேண்டும்

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நல்ல ஸ்க்ரூ டிரைவர், போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர்கள், பாயிண்ட் ஃபைல், ஒரு பழைய ஸ்போக், ஒரு பழைய பிளக், எலெக்ட்ரிகல் கடையில் ஒயர் இணைக்க விற்கும் சின்ன ஸ்க்ரூ கனெக்டர் ஒன்று. ஸ்க்ரூ ஸ்பேனரை வீட்டுக் குழாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள், புல்லட் பக்கம் கொண்டுவர வேண்டாம். பழைய வண்டிகளில் இஞ்ச் போல்ட்டும் மில்லிமீட்டர் போல்ட்டும் கலந்தே இருக்கும். ஸ்க்ரூ ஸ்பேனர் இரண்டின் தலையையும் உருண்டையாக்கிவிடும்.

1. முதலில் டேப்பெட்

டேப்பெட் என்றால் வால்வு இடைவெளி. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பாருங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பது நல்லது. பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது இரண்டு புஷ்ராடும் (வால்வுகளைத் திறக்கும் நீண்ட தண்டுகள்) விரலால் உருட்டினால் லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான். டீகம்ப்ரஷர் (கிக் அடிக்கும்போது கம்ப்ரஷனை வெளியே விடும் அமைப்பு) கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். கேபிள் இழுபட்டே இருந்தால் கம்ப்ரஷன் கசியும், வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை.

2. பாயிண்ட்டைச் சுத்தம் செய்வது

வலது பக்கம், சிலிண்டருக்குப் பின்னால் உள்ள வட்ட மூடியைக் கழற்றினால் பாயிண்ட் தெரியும். எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பது எல்லா ஷெட்டிலும் நடக்கிறது, எனக்குப் பிடிக்காது. அதன் துகள் பாயிண்ட் முகத்தில் ஒட்டிக்கொண்டு மறுபடி கருக்கும். பாயிண்ட் ஃபைலால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பெட்ரோலில் நனைத்த வெள்ளைத்தாளை இடையில் விட்டு உருவுங்கள். தாளில் கறுப்பு வராத வரைக்கும் உருவ வேண்டும்.

ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருந்தால் ஃபீலர் கேஜ் அந்த மேட்டில்தான் உட்காரும். கேஜ் 0.35 என்று சொன்னாலும் உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும். அவ்வளவு தேய்ந்த பாயிண்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதிது போடுங்கள். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது.

பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் சுழல் மேடான கேமின் மேல் கடுகளவு கிரீஸ் தடவுங்கள். கேம் காய்ந்து ஓடினால் அதில் உரசும் பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்துகொண்டே வரும், டைமிங்கும் பின்னே போகும். நீண்ட பயணத்தின் பாதியில் வண்டி சுணங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடுகளவு என்றால் கடுகளவுதான். அதிகமானால் தெறித்துப் பாயிண்ட்டில் படும்.

3. இடைவெளி

கேம் பாயிண்ட்டை முழுக்கத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. இதில் சொல்ல அதிகமில்லை. ஆனால் வரிசை முக்கியம். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், அதாவது டைமிங் முன்னே வரும். எனவே இடைவெளி முதலில், டைமிங் அதற்குப் பிறகு. டைமிங் வைத்த பின் "சும்மா கொஞ்சம்" என்று இடைவெளியைத் தொட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

4. 0.8 மி.மீ. எங்கே இருக்கிறது?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியை அடைய 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இந்த இன்ஜினில் உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் நகர்வதே தெரியாது. கடைசி 0.8 மி.மீ. ஏற கிராங்க் ஏறக்குறைய 10 டிகிரி சுற்ற வேண்டும். பிளக் துளையில் குச்சியை விட்டு, "இப்ப ஏறுது, இப்ப நின்னுடுச்சு" என்று கண்ணால் பார்த்து வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு டைமிங் வரும்.

சரி, அதற்கு வழி. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிடுங்கள், பக்க மின்முனையையும் வெட்டிவிடுங்கள். இரும்பு உடல் மட்டும் மிஞ்சும். அதைத் துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு பீங்கான் துகள்கூட இல்லை என்று உறுதிசெய்த பிறகே இன்ஜினில் மாட்டுங்கள். ஸ்போக்கின் முனையை உருண்டையாக ராவி, மேலே ஸ்க்ரூ கனெக்டரைப் பூட்டி, அந்த ஓட்டை வழியே இறக்குங்கள். கனெக்டர் இருப்பதால் ஸ்போக் உள்ளே விழாது.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகத் திருப்புங்கள். கியர் விழவில்லை என்றால் சக்கரத்தை ஆட்டிக்கொண்டே லீவரை அழுத்துங்கள். ஸ்போக் மேலே வரும்போது இரண்டு புஷ்ராடும் லேசாகச் சுழன்றால் அது கம்ப்ரஷன் உச்சி. ஒன்று இறுகியிருந்தால் எக்ஸாஸ்ட் சுற்றில் இருக்கிறீர்கள், இன்னொரு முறை சுற்றுங்கள்.

ஸ்போக் எட்டும் அதிகபட்ச உயரத்தில், கனெக்டருக்கும் பிளக்கின் விளிம்புக்கும் நடுவில் 0.50, 0.30 இரண்டு ஃபீலர் தகடுகளையும் சேர்த்து வைத்து, கனெக்டரை அவற்றின் மேல் உட்காரவைத்து முடுக்குங்கள். தகடுகளை உருவிவிடுங்கள். இப்போது சக்கரத்தை நன்றாகப் பின்னே திருப்பினால் பிஸ்டன் இறங்கும், கனெக்டர் விளிம்பில் உட்கார்ந்துவிடும். மறுபடி மெதுவாக முன்னே வாருங்கள். பிஸ்டன் ஸ்போக்கைத் தொட்டு, கனெக்டர் விளிம்பை விட்டு எழும் அந்த நொடிதான் 0.8 மி.மீ. பிஸ்டன் உச்சியில் எங்கே நின்றது என்ற குழப்பமே இதில் இல்லை, உயரம் மட்டுமே கணக்கு.

பிளக் துளை சாய்வாக இருப்பதால் ஸ்போக் காட்டும் அளவு நிஜத்தைவிடச் சற்றே கூடுதல். அதனால் டைமிங் மயிரிழை தாமதமாக வரும். தொடங்குவதற்கு அதுவே பாதுகாப்பு.

5. டைமிங்

அதே இடத்தில் சக்கரத்தை நிறுத்துங்கள். அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் அப்படியே கொஞ்சம் பின்னே இழுத்து நிறுத்தக் கூடாது. டைமிங் கியர்களில் உள்ள ஆட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். நன்றாகப் பின்னே போய்விட்டு முன்னே வாருங்கள்.

சாவியைப் போடுங்கள். நல்ல பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, இன்ஜின் உடம்பில் தொட்டபடி, துளையிலிருந்து தள்ளி வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் கேனும் நனைத்த துணியும் பக்கத்தில் வேண்டாம். பாயிண்ட் மூடியிருந்தால் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு தூண் போல்ட்டுகளைத் தளர்த்தி, தகட்டை மெதுவாகத் திருப்புங்கள். முள் நடுவுக்குத் துள்ளும் இடத்தில் நிறுத்தி முடுக்குங்கள். கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் தகட்டைத் திருப்பினால் டைமிங் முன்னே போகும், அதே திசையில் திருப்பினால் பின்னே வரும். சாவியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், காயில் சூடாகும்.

போல்ட்டை முடுக்கும்போது தகடு நகர்ந்திருக்கலாம். மறுபடி ஒருமுறை ஸ்போக்கோடு சரிபாருங்கள்.

6. ஓட்டிப் பார்ப்பது

கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் டைமிங் அதிகமாக முன்னே இருக்கிறது. மேட்டில் டாப் கியரில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது சில்லறை குலுங்குகிற மாதிரி சத்தம் வந்தாலும் அதேதான். தகட்டை மயிரிழை பின்னே கொண்டுவாருங்கள். வண்டி சாதுவாக ஸ்டார்ட் ஆகி, மேட்டில் மட்டும் சோம்பினால் மயிரிழை முன்னே.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்துச் செய்தவர்கள் கேட்டதில் சில விஷயங்களை இங்கே சேர்த்துவிடுகிறேன்.

ஆம்பியர் மீட்டர் செத்துப்போன வண்டி நிறைய. அப்போது பாயிண்ட் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில், பேட்டரியின் வோல்டேஜுக்கு ஏற்ற ஒரு இண்டிகேட்டர் பல்பை ஒயரில் இணையுங்கள். பாயிண்ட் திறந்ததும் பல்பு எரியும். முள்ளைவிட இது தெளிவு.

இன்னொன்று: எல்லாம் சரியாக வைத்தும் ஐடிலில் ஏறி இறங்குகிறது என்ற புகார். பாயிண்ட் கேமைக் கையால் முறுக்கி விட்டுப் பாருங்கள். உள்ளே உள்ள ஆட்டோ அட்வான்ஸின் (வேகம் கூடும்போது டைமிங்கைத் தானே முன்னே கொண்டுபோகும் அமைப்பு) ஸ்பிரிங் அதைச் சட்டென்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் ஸ்பிரிங் நீண்டுவிட்டது, அல்லது எடைகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதைச் சரிசெய்யாமல் டைமிங் வைப்பது வீண்.

பாயிண்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் கிட் போட்டுவிடலாமே என்றும் கேட்டார்கள். ஊருக்குள் ஓட்டினால் தாராளமாகப் போடுங்கள். நான் பாயிண்ட்டோடுதான் போகிறேன். வழியில் நின்றால் ஃபைலும் தாளும் போதும். கிட் செத்தால் வண்டியை லாரியில்தான் ஏற்ற வேண்டும். கூடவே ஒரு கண்டன்சர் (பாயிண்ட் திறக்கும்போது அதில் பொறி பறக்காமல் தடுக்கும் பாகம்) எடுத்துச் செல்லுங்கள். ஓடும் இன்ஜினில் பாயிண்ட்டுக்கு நடுவே பெரிய பொறி பறந்து முகம் சீக்கிரமே கருகினால் கண்டன்சர்தான் போயிருக்கும். புதுப் பாயிண்ட் போட்டிருந்தால் 500 கி.மீ.க்குள் இடைவெளியை மறுபடி பாருங்கள், குதிகால் பதியும்போது அது குறையும்.