‘ஸ்டீல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ஆள்வது எப்படி

கொழும்பில் ஆங்கிலம் கற்கும் நம் மாணவர்கள், களவைக் குறிக்கும் ‘ஸ்டீல்’ என்ற வினைச்சொல்லைக் கண்டவுடன் ‘களவெடுத்தல்’ என்று எழுதிவிடுகிறார்கள். பல இடங்களில் அது பொருந்தாது. அந்த வாக்கியத்தில் எவரேனும் எதையேனும் உண்மையில் இழந்தாரா என்று முதலில் பாருங்கள்.

இழந்திருந்தால் ‘ஸ்டீல்’, கொள்ளையடித்தலைக் குறிக்கும் ‘ரொப்’ என்ற இரண்டையும் பிரித்தறிய வேண்டும். முன்னதற்குச் செயப்படுபொருள் களவுபோன பொருள். பின்னதற்கு, பறிகொடுத்த ஆள் அல்லது இடம். புறக்கோட்டை பஸ் நெரிசலில் கைத்தொலைபேசியைப் பறிகொடுத்தவர் ‘ஐ வாஸ் ஸ்டோலன்’ என்று முறைப்பாடு எழுதினால், தம்மையே எவரோ களவாடிச் சென்றதாகப் பொருள்படும். ‘மை போன் வாஸ் ஸ்டோலன்’ என்பதே சரி. ‘ஐ வாஸ் ரொப்ட்’ என்பதில் இலக்கணப் பிழை இல்லையெனினும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை களவை 366ஆம் பிரிவிலும் கொள்ளையை 379ஆம் பிரிவிலும் தனித்தனியே வரையறுத்து, காயப்படுத்துதல், தடுத்து நிறுத்துதல், உடனடித் தீங்கு நேருமென அச்சுறுத்துதல் போன்றவை சேரும்போதே களவைக் கொள்ளையாகக் கொள்வதால், அடிபடாமலும் அச்சுறுத்தப்படாமலும் பொருளை இழந்தவர் அச்சொல்லைத் தவிர்ப்பதே நல்லது. ஒரு முறைப்பாட்டின் போக்கு ஒற்றைச் சொல்லால் மாறக்கூடும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

எவரும் எதையும் இழக்காத இடங்களில்தான் தமிழின் வளம் கைகொடுக்கிறது. மிகக் குறைந்த விலைக்கு ஒரு சேலை கிடைத்தால் ஆங்கிலத்தில் அது ‘அ ஸ்டீல்’. நமக்கோ ‘கொள்ளை மலிவு’ என்ற வழக்கு முன்னரே உண்டு. விலை அநியாயமாக உயர்ந்தால் அதே கொள்ளை ‘பகற்கொள்ளை’ ஆகிவிடுவதையும் கவனியுங்கள். மனத்தைக் கவர்வதைக் குறிக்க ‘இதயத்தைத் திருடினான்’ என்று எழுத வேண்டியதில்லை. சம்பந்தர் தம் முதற் பதிகத்திலேயே இறைவனை ‘உள்ளங்கவர் கள்வன்’ என்று பாடியிருக்க, ‘கவர்தல்’ என்ற சொல்லே போதுமானது.

பிறர் அறியாமல் செய்வதையும் இச்சொல் குறிக்கும். ஒருவரைக் களவாகப் பார்த்தால் ‘கள்ளப் பார்வை’. கூட்டத்திலிருந்து ஓசையின்றி வெளியேறினால் ‘நழுவுதல்’. கெத்தாராம மைதானத்து ஆட்டத்தில் துடுப்பாட்டக்காரர் ஒற்றை ஓட்டமொன்றை ‘ஸ்டீல்’ செய்தார் எனில், களத்தடுப்பாளர் சுதாரிக்கும் முன் விரைந்து ஓடி எடுத்தார் என்று விரித்தே எழுத வேண்டும்.

‘ஸ்டீல் சம்வன்ஸ் தண்டர்’ என்ற ஆங்கில வழக்குக்கு ‘இடியைத் திருடுதல்’ என்ற நேர்மொழிபெயர்ப்பை மட்டும் எழுதாதீர்கள். ஜோன் டெனிஸ் என்ற ஆங்கில நாடக ஆசிரியர் 1709இல் தம் நாடகத்துக்கென அமைத்த இடியோசை உத்தி, அந்நாடகம் தோற்றபின் வேறொரு நாடகத்தில் பயன்பட்டதைக் கண்டு மனம் வெதும்பினார் என்ற கதையிலிருந்து வந்த வழக்கு அது. ஒருவருக்கு உரிய பெயரை இன்னொருவர் முந்திக்கொண்டு தட்டிச்சென்றார் என்பதே அதன் கருத்து.

உருக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒலிப்பில் இதுவே என்பதால், சொல்வதைக் கேட்டு எழுதுபவர்கள் பொருளைப் பார்த்து எழுத்துக்கூட்ட வேண்டும்: ‘ஸ்டீல் அலுமாரி’யில் வருவது உருக்கு.