பையன் எறியும் பந்தை நீங்களே எண்ணுங்கள்

டாலஸ் பக்கம் வார இறுதி பேஸ்பால் டோர்னமென்ட் என்றால் சனிக்கிழமை இரண்டு ஆட்டம். ஜெயித்துக்கொண்டே போனால் ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டோ மூன்றோ. என் மகனுக்கு 11 வயது இருக்கும்போது சனி காலை பிட்ச் செய்தான், அதாவது மட்டைக்காரரை நோக்கிப் பந்து எறிந்தான்; மதியம் மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்கார்ந்தான், ஞாயிறு கடைசி ஆட்டத்தில் மறுபடி பிட்ச். "மூணு இன்னிங்ஸ்தானே, ரூலுக்குள்ளதான் இருக்கு" என்றார் கோச். திங்கள் காலை பையன் இடது கையால் பல் துலக்குவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இன்னிங்ஸ் கணக்கை நம்பாதீர்கள். மூன்று பேர் அவுட் ஆனால்தான் ஒரு இன்னிங்ஸ் முடியும். அது 9 பந்திலும் முடியும், 35 பந்துக்கும் இழுக்கும். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007லேயே பந்துக் கணக்குக்கு மாறிவிட்டது. தனியார் டோர்னமென்ட்கள் பலவற்றில் இன்னும் இன்னிங்ஸ்தான். அம்மா ஜபம் எண்ண வைத்திருந்த விரல் கவுன்ட்டரைத்தான் நான் மைதானத்துக்கு எடுத்துப்போகிறேன். பந்துக்கு ஒரு அழுத்து. ஆட்டம் முடிந்ததும் தேதி, அணி, எண்ணிக்கை மூன்றையும் போனில் எழுதிவிடுங்கள். பையன் இரண்டு அணிக்கு ஆடினால் ஒவ்வொரு கோச்சுக்கும் அவரவர் கணக்கு மட்டுமே தெரியும். மொத்தம் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

11, 12 வயதுக்கு லிட்டில் லீக்கில் நாளுக்கு 85 பந்துதான். ஆனால் நான் அதிகம் பார்ப்பது ஓய்வுக் கணக்கை. 20 பந்து வரை ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை ஒரு நாள், 50 வரை இரண்டு, 65 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு நாள். அதாவது சனிக்கிழமை 38 பந்து எறிந்த பையன் செவ்வாய்க்கிழமைதான் மறுபடி பிட்ச் செய்யலாம். ஞாயிறு ஃபைனல் போனது போனதுதான். இதை சனி இரவே கோச்சிடம் சொல்லிவிடுங்கள். ஃபைனல் நடுவில் வேலிக்கு வெளியே நின்று கத்தினால் யார் காதிலும் விழாது. 41 பந்தைத் தொட்டால் அன்று கேட்சர் வேலையும் கிடையாது. கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார், அதை யாரும் எண்ணுவதில்லை.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்றுதான் வரும். "எந்த இடம் இறுக்கமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், விரல் தானாக ஒரு இடத்தைக் காட்டும். எறியும்போது முழங்கை தாழ்வது, பந்து மேலே மேலே போவது, ஒவ்வொரு பந்துக்கும் நடுவே தோளை உதறுவது, இவையெல்லாம் சோர்வு. சோர்வு தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வளரிளம் பிட்ச்சர்களை வைத்து 2006ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் காயத்துக்கான வாய்ப்பு 36 மடங்கு என்று வந்தது.

முழங்கையின் உட்பக்க எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? ஐஸ் வைத்துச் சமாளிக்காமல் எலும்பு டாக்டரிடம் போங்கள். பெரியவர்களுக்கு அங்கே தசைநார் கிழியும். பிள்ளைகளுக்கு அதைவிட பலவீனமானது எலும்பு வளரும் குருத்துப் பகுதி, அதனால் அதுதான் முதலில் பிய்த்துக்கொள்ளும். எங்களுக்கு ஆறு வாரம் பந்தே தொடக்கூடாது என்றார்கள்.

அப்புறம், டெக்சாஸில் பனி வந்து சீசனை நிறுத்தாது, நாம்தான் நிறுத்த வேண்டும். வருடத்தில் நான்கு மாதமாவது பிட்ச்சிங் இல்லை, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக எந்த எறிதலும் இல்லை. எங்கள் வீட்டில் நவம்பர் பிறந்தால் கையுறை கராஜ் பரணுக்குப் போய்விடும். பையன் முறைத்துக்கொண்டே கூடைப்பந்து ஆடப் போவான்.