போட்டோ லைப்ரரில படம் தெரியலன்னா உடனே டெலீட் பண்ணிடாதீங்க

எங்க சித்தப்பா வீட்ல நடந்தத மொதல்ல சொல்லிடறேன். அவரு லேப்டாப்ல போட்டோ லைப்ரரிய ஒருநாள் தெறந்தா அக்கா கல்யாண ஆல்பம் முழுக்க மங்கலா சாம்பல் கட்டம், ஒவ்வொன்னு மூலைலயும் ஒரு ஆச்சரியக்குறி. "எல்லாம் கரப்ட் ஆயிடுச்சுடா"ன்னு பதறிப்போய் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி லைப்ரரில இருந்து தூக்கிட்டு ஹார்ட் டிஸ்க்ல இருந்து மறுபடி இம்போர்ட் பண்ணிட்டாரு. படம் வந்துடுச்சு, ஆனா ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒவ்வொரு மொகத்துக்கும் பேர் போட்டு வச்சிருந்தாரு பாருங்க, அது அத்தனையும் போச்சு. அதுல பாதிப் பேர் யாருன்னு சொல்ல இப்ப பாட்டியும் இல்ல.

இதுல கஷ்டம் என்னன்னா படத்துக்கு ஒன்னுமே ஆகல. அன்னைக்கு பென் டிரைவ மொதல்ல சொருகிட்டு அப்பறம் ஹார்ட் டிஸ்க சொருகிருக்காரு, அதனால எப்பவும் ஈன்னு வர்ற டிரைவ் எஃப்ன்னு வந்துடுச்சு, லைப்ரரி பழைய அட்ரஸ்ல தேடிட்டு கெடைக்கலன்னு சொல்லுது. லைட்ரூம் கிளாசிக் மாதிரி படத்த அடுக்கி எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டோவ உள்ள எடுத்து வைக்கறதில்லங்க, எந்த ஃபோல்டர்ல இருக்குங்கற குறிப்பு, ஒரு சின்ன பிரிவ்யூ, நீங்க பண்ண எடிட், இவ்ளோதான் கேட்டலாக்ங்கற அதோட பதிவேட்ல இருக்கும். விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் டிரைவ் எழுத்த பழையபடி மாத்திருந்தா ரெண்டே நிமிஷம். இல்லன்னா கேள்விக்குறி போட்டு நிக்கற ஃபோல்டர ரைட் கிளிக் பண்ணி அது இப்ப எங்க இருக்குன்னு காமிச்சா போதும். எக்ஸ்ப்ளோரர்ல போய் ஃபோல்டர் பேர மாத்துனாலும் வேற எடத்துக்கு நகத்துனாலும் இதே பிரச்சனதான் வரும், அதனால நகத்தறத அந்த சாஃப்ட்வேருக்குள்ள இருந்தே பண்ணுங்க.

எது தெரியலன்னாலும் மொதல்ல அந்த ஃபைல நேரா ஃபோல்டர்ல போய் தெறந்து பாருங்க. அங்க தெறந்தா படம் பத்திரம், கோளாறு காட்டற எடத்துலதான். விண்டோஸ் ஃபோல்டர்ல தம்ப்நெயில் மட்டும் வெள்ளையா நின்னா டிஸ்க் கிளீனப்ல தம்ப்நெயில்ஸ்ன்னு இருக்கறத டிக் பண்ணி அழிங்க, பயப்பட வேணாம், அது வெறும் சின்ன நகல், விண்டோஸ் தானா திரும்ப உருவாக்கிக்கும். மேக்ல போட்டோஸ் ஆப்ப தெறக்கும்போது ஆப்ஷன், கமாண்ட் ரெண்டையும் அமுக்கிப் புடிச்சா ரிப்பேர் பண்ணவான்னு கேக்கும். அத விட்டுட்டு லைப்ரரி பேக்கேஜுக்குள்ள (போட்டோஸ் ஆப் படத்தையெல்லாம் போட்டு வச்சிருக்கற மூட்ட) பூந்து கையால ஃபைல நகத்தாதீங்க.

ஐபோன்ல இருந்து வந்த படம் விண்டோஸ்ல தெரியலன்னு நெறைய பேர் கேக்கறாங்க. 2017ல வந்த ஐஓஎஸ் 11ல இருந்து ஐபோன் ஜேபிஜிக்கு பதிலா ஹெச்இஐசிங்கற வேற ஃபார்மட்ல சேவ் பண்ணுது. ஃபைல் பேர் கடைசில ஜேபிஜின்னு மாத்தி எழுதிட்டா அது ஜேபிஜி ஆயிடாது, உள்ள இருக்கற டேட்டா அதேதான, வெறும் கொழப்பம்தான் மிச்சம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போடுங்க, அப்பவும் தெறக்கலன்னா ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷனும் வேணும். இனிமே எடுக்கறதுக்கு போன் செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் வச்சுக்கோங்க, ஜேபிஜியாவே சேவ் ஆகும்.

ஆண்ட்ராய்டு கேலரில ஒரு ஃபோல்டரே காணோம்னா அதுக்குள்ள நோமீடியான்னு ஒரு மறைஞ்ச ஃபைல் இருக்கான்னு பாருங்க, அது இருந்தா கேலரி அந்த ஃபோல்டர எட்டிக்கூட பாக்காது. படம் சாஞ்சு தெரிஞ்சா திருப்பித் திருப்பி சேவ் பண்ணாதீங்க, கேமரா எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு எக்சிஃப்ல (படத்தோட சேந்தே வர்ற குறிப்பு) ஓரியன்டேஷன்னு ஒரு நம்பர் இருக்கு, பழைய வியூவர் சிலது அத படிக்காது, அவ்ளோதான். ஜேபிஜிய எடிட்டர்ல ஒவ்வொரு தடவ புதுசா சேவ் பண்றப்பவும் கொஞ்சம் தரம் கொறையும். அப்பறம் வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா வந்த படத்துல எடுத்த தேதி இருக்காது, பத்து வருஷத்துக்கு முந்தின காதுகுத்து போட்டோ இந்த மாசத்துல போய் உக்காந்திருக்கும், காணோம்னு தேடாம வந்த தேதில பாருங்க, முடிஞ்சா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

ஃபைல நேரா தெறந்தும் வரல, சைஸ் 0 கேபின்னு காட்டுதுன்னா அது நெஜமான சிக்கல். மெமரி கார்ட்ல இருந்து காப்பி பண்ணதுன்னா கார்ட உடனே வெளிய எடுத்து வைங்க, ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா வேணாம்னு குடுங்க, அதுல புதுசா ஒரு போட்டோ கூட எடுக்காதீங்க, ரெக்கவரி பண்ணி கெடைக்கற படத்தையும் அதே கார்டுல போடாம வேற டிஸ்க்ல சேவ் பண்ணுங்க.